வைரஸ் காய்ச்சலுக்கும் ஆட்டோ இம்யூன் நோய்க்கும் என்ன சம்பந்தம்?

நித்திலா:
வணக்கம். என் தங்கைக்கு எம்.எஸ்., அதாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று உறுதியாகியிருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் ஆட்டோ இம்யூன் நோய் என்றார்கள். ஒரு கண்ணில் பார்வை மங்கியது, கண்ணை அசைத்தாலே வலி என்றாள். எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு தெரிந்தது. நரம்பியல் மருத்துவர் பேச்சோடு பேச்சாக, "முன்பு எப்போதாவது தொண்டை வீங்கி, கழுத்தில் நெறி கட்டி, நீண்ட நாள் காய்ச்சல் இருந்ததா?" என்று கேட்டார். கல்லூரியில் படிக்கும்போது இருந்தது. மோனோ என்று சொன்னார்கள். குணமான பிறகும் மாதக்கணக்கில் அசதியாகவே கிடந்தாள். அதைச் சொன்னதும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

தேடிப் பார்த்தால் ஒரு பக்கம் "வைரஸ்தான் காரணம்" என்கிறார்கள், இன்னொரு பக்கம் "வெறும் ஊகம்" என்கிறார்கள். எது சரி? வைரஸ்தான் என்றால் அதற்கு மருந்து கொடுத்தால் போதாதா? அம்மாவுக்கு வேறு கவலை. இது அவளிடமிருந்து வீட்டில் மற்றவர்களுக்கும் ஒட்டுமா என்று தினமும் கேட்கிறார்.

ஆய்வகத்து ஆந்தை:
நித்திலா, அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில். எம்.எஸ். ஒட்டுவதில்லை. மோனோ காய்ச்சலைத் தரும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் எச்சில் வழியாகப் பரவும், உண்மைதான். ஆனால் உலகில் வயதுக்கு வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அது ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது. அம்மாவுக்கும் பெரும்பாலும் சிறுவயதிலேயே வந்திருக்கும். சின்னக் குழந்தைக்கு வந்தால் சாதாரணச் சளி மாதிரி போய்விடும், பதின்ம வயதில் முதல்முறை வந்தால்தான் இப்படிப் படுத்தும்.

இனி உங்கள் முதல் கேள்வி. எம்.எஸ். விஷயத்தில் வைரஸின் பங்கை இனி ஊகம் என்று ஒதுக்க முடியாது. 2022 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் ஹார்வர்டு குழு ஒன்று வெளியிட்ட ஆய்வு அதற்குக் காரணம். அமெரிக்க ராணுவத்தில் எச்.ஐ.வி. சோதனைக்காகக் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தம் எடுப்பார்கள், மிச்சத்தைச் சேமித்து வைப்பார்கள். 1993 முதல் 2013 வரை பணியில் இருந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களில் 955 பேருக்குப் பணிக்காலத்திலேயே எம்.எஸ். வந்தது. அதில் 801 பேரின் பழைய ரத்தத்தைத் தேடி எடுத்துச் சோதித்தார்கள். முதல் மாதிரியில் எப்ஸ்டீன்-பார் தொற்று இல்லாதவர்கள் 35 பேர்தான். அந்த 35-ல் 34 பேருக்கு, எம்.எஸ். தொடங்கும் முன்பே தொற்று வந்துவிட்டிருந்தது. கணக்குப் போட்டால், தொற்று வந்த பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது. மருத்துவத்தில் இப்படி ஒரு எண்ணைப் பார்ப்பது அபூர்வம்.

ஏன்_எதற்கு:
//தொண்ணூறு பேருக்கு மேல் அது ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது//

இதுதான் எனக்கு இடிக்கிறது. எல்லோரிடமும் இருக்கும் ஒன்றை நோய்க்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது? எம்.எஸ். வந்தவர்கள் எல்லோருக்கும் பல்லும்தான் இருந்தது. இன்னொன்று, இதைத் தலைகீழாகவும் பார்க்கலாம். எம்.எஸ். உள்ளுக்குள் எப்போதோ தொடங்கி, அதனால் எதிர்ப்புச் சக்தி குழம்பி, அதன் பிறகு வைரஸ் சுலபமாக நுழைந்திருக்கலாம் அல்லவா?

ஆய்வகத்து ஆந்தை:
நல்ல கேள்வி, ஆய்வுக் குழுவும் அதைக் கேட்டுக்கொண்டது. இரண்டு வழியில் சோதித்தார்கள். ஒன்று, எச்சில் வழியாகவே பரவும் இன்னொரு வைரஸான சைட்டோமெகலோவைரஸ். எதிர்ப்புச் சக்தி குழம்பியதுதான் காரணம் என்றால் அதுவும் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. இரண்டாவது, நரம்புச் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம். அறிகுறி தெரிவதற்குப் பல வருடம் முன்பே அது ஏறத் தொடங்கும். இவர்களிடம் எப்ஸ்டீன்-பார் தொற்றுக்கு முன்னால் அது சாதாரண அளவில்தான் இருந்தது, தொற்றுக்குப் பிறகே ஏறியது. ஆக முதலில் வைரஸ், பிறகுதான் சேதம்.

பல் உதாரணத்துக்கு வருகிறேன். பல் இல்லாதவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுக்கு எம்.எஸ். வருகிறதா என்று பார்த்ததுதான் இந்த ஆய்வின் சாமர்த்தியம். அதற்குத்தான் ஒரு கோடிப் பேர் தேவைப்பட்டார்கள்.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் உண்டு. வைரஸ் அவசியம் என்பதற்குச் சான்று இருக்கிறது, அது மட்டும் போதும் என்பதற்கு இல்லை. ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு எம்.எஸ். வந்தால் மற்றவருக்கு வருவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். எதிர்ப்புச் சக்தி தொடர்பான ஹெச்.எல்.ஏ. டி.ஆர்.பி.1 15:01 என்ற மரபணு வகை, புகை, வைட்டமின் டி குறைவு, பதின்ம வயதில் உடல் பருமன் எல்லாம் கூடவே சேர்கின்றன. நமக்கு இன்னும் விளங்காத பகுதி இதுதான். எந்த வைரஸ் என்பது ஓரளவு தெரிந்துவிட்டது. கோடிக்கணக்கானவர்களில் ஏன் இந்த ஒருவருக்கு என்பதுதான் தெரியவில்லை.

மூட்டுப்பூட்டு:
நான் வேறு ரகம். சிக்குன்குனியா வந்து காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. மூட்டுவலி மட்டும் போகவில்லை. காலையில் விரலை மடக்க முடியாது, பாட்டில் மூடியைத் திறக்க ஆள் கூப்பிட வேண்டும். ஒரு மருத்துவர் முடக்குவாதம் என்றார், இன்னொருவர் இல்லை, வைரஸின் மிச்சம் என்றார். முடக்குவாதக்காரர்களிடம் பெரும்பாலும் இருக்கும் சி.சி.பி. என்ற ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) என் ரத்தத்தில் இல்லை. இதுவும் ஆட்டோ இம்யூன்தானா?

இரவுப்பணி:
மூட்டுப்பூட்டு அண்ணா, உங்களைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. பொதுவாகச் சொல்கிறேன். சிக்குன்குனியா, பார்வோவைரஸ் பி19, ருபெல்லா மூன்றும் முடக்குவாதம் போலவே இரண்டு கையிலும் சரிசமமாக மூட்டுகளைப் பிடிக்கும். பார்வோவைரஸ் பெரும்பாலும் சில வாரங்களில் விட்டுவிடும். சிக்குன்குனியா சிலருக்கு மாதங்கள், சிலருக்கு வருடங்கள் இழுக்கும். சி.சி.பி. இல்லை என்பது நல்ல செய்திதான், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டோம். ஸ்கேனில் எலும்பு அரிப்பு தெரிகிறதா என்று அவ்வப்போது பார்ப்பது முக்கியம். 'வைரஸின் மிச்சம்', 'ஆட்டோ இம்யூன்' என்ற கோடு நடைமுறையில் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

அந்தக் கோடு எங்கே அழிகிறது என்று கண்ணெதிரே காட்டும் ஒரு நோய் உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஹெர்பீஸ் வைரஸ் சிலருக்கு மூளையைத் தாக்கும். காய்ச்சல், குழப்பம், வலிப்பு. அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தை ஏற்றுவோம், தேறிவிடுவார்கள், வீட்டுக்கு அனுப்புவோம். சில வாரம் கழித்துச் சிலர் திரும்பி வருவார்கள். குழந்தையாக இருந்தால் கை கால் தானாக நெளியும், முகம் கோணும், தூக்கம் இருக்காது. பெரியவராக இருந்தால் ஆளே மாறியிருப்பார். காதில் ஏதோ குரல் கேட்கிறது என்பார். ஒரு காலத்தில் இதை "ஹெர்பீஸ் திரும்பிவிட்டது" என்று நினைத்து மறுபடி அசைக்ளோவிர் ஏற்றினார்கள். முதுகுத் தண்டு நீரை எடுத்துப் பார்த்தால் அதில் வைரஸே இருக்காது! அதற்குப் பதில் என்.எம்.டி.ஏ. ரிசெப்டருக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். அந்த ரிசெப்டர் மூளைச் செல்களின் சொந்தப் புரதம். ஸ்பெயினில் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஹெர்பீஸ் மூளைக் காய்ச்சல் வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது நான்கில் ஒருவருக்கும் மேல் இப்படி ஆட்டோ இம்யூன் மூளை அழற்சி வந்தது. சிகிச்சை முற்றிலும் வேறு. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், தேவைப்பட்டால் ரிட்டுக்ஸிமாப்.

எந்த வைரஸ், எந்த நாள், எந்த ஆன்டிபாடி, எல்லாம் தேதி போட்டுச் சொல்லக்கூடிய அளவுக்கு இதில் தெளிவு. எம்.எஸ்.ஸில் இந்த இடைவெளி பல வருடம் என்பதால்தான் இத்தனை வாக்குவாதம்.

நித்திலா:
டாக்டர், வைரஸைத் தாக்கப் போன எதிர்ப்புச் சக்தி ஏன் திசை மாறி மூளையைத் தாக்குகிறது? அதைக் கொஞ்சம் எளிமையாகச் சொல்ல முடியுமா?

இரவுப்பணி:
ஹெர்பீஸில் நாங்கள் நினைப்பது இதுதான்: வைரஸ் செல்லை உடைக்கும்போது உள்ளே இருந்த புரதங்கள் வெளியே சிதறுகின்றன. சுற்றிலும் அழற்சி, அபாயச் செய்திகள். அந்த நேரத்தில் எதிர்ப்புச் சக்தி கண்ணில் படுவதையெல்லாம் எதிரி என்று குறித்துக்கொள்கிறது. முதலில் ஒரு புரதம், அப்புறம் பக்கத்துப் புரதம் என்று பட்டியல் நீள்வதும் உண்டு. எலிகளில் தைலர் வைரஸை வைத்து இதைப் படிப்படியாகக் காட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு வழியை ஆந்தை சொல்வார் என்று நினைக்கிறேன். எனக்கு வார்டுக்குப் போக வேண்டும்.

ஆய்வகத்து ஆந்தை:
ஆள்மாறாட்டம்! வைரஸின் ஒரு துண்டு நம் சொந்தப் புரதம் போலவே இருந்தால் எதிர்ப்புச் சக்தி இரண்டையும் தாக்கிவிடும். 1985-ல் ஃபுஜினாமி, ஓல்ட்ஸ்டோன் இருவரும் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் ஒரு புரதத்துக்கும் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையின் ஒரு புரதத்துக்கும் ஆறு அமினோ அமிலங்கள் (புரதத்தைக் கட்டும் துண்டுகள்) வரிசையாக ஒத்துப்போவதைக் கண்டார்கள். வைரஸின் அந்தத் துண்டை முயல்களுக்குச் செலுத்தினால் சில முயல்களுக்கு மூளையில் அழற்சி வந்தது. எம்.எஸ்.ஸில் இதற்கு இணையான கண்டுபிடிப்பு 2022-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்தது. நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து எடுத்த ஒரு ஆன்டிபாடி, எப்ஸ்டீன்-பாரின் எப்னா1 புரதத்தையும் பிடிக்கிறது, மூளையில் இருக்கும் கிளியல்கேம் என்ற புரதத்தையும் பிடிக்கிறது.

ஏன்_எதற்கு:
ஆறு அமினோ அமிலம் ஒத்துப்போவது ஒரு அதிசயமா? நம் உடம்பில் இருபதாயிரம் வகைப் புரதத்துக்கான மரபணு இருக்கிறது. எந்த வைரஸை எடுத்தாலும் எங்காவது ஒரு துண்டு ஒத்துப்போகத்தான் செய்யும். கணினியில் தேடினால் மத்தியான சாப்பாட்டுக்குள் நூறு ஜோடி கிடைக்கும். ஸ்டான்ஃபோர்டு ஆன்டிபாடியும் எம்.எஸ். நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவரிடம்தான் இருக்கிறது என்று படித்தேன். மீதி முக்கால்வாசிப் பேருக்கு என்ன கதை?

ஆய்வகத்து ஆந்தை:
இதில் நான் உங்கள் கட்சி. ஆள்மாறாட்டம் அழகான கதை, அதனாலேயே அளவுக்கு மீறிச் சொல்லப்படுகிறது. ஒத்துப்போகும் துண்டைக் காட்டுவது சுலபம், அதுதான் நோயைக் கொண்டுவந்தது என்று நிரூபிப்பது கடினம். சந்தேகமில்லாமல் நிலைத்து நிற்கும் பழைய உதாரணங்கள் பாக்டீரியாவிலிருந்து வந்தவை. தொண்டைப் புண் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குப் பின் இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல், கேம்பிலோபேக்டர் வயிற்றுப்போக்குக்குப் பின் வரும் கியான்-பாரே என்ற நரம்பு நோய்.

எனக்கு அழுத்தமான சான்றாகத் தோன்றுவது வேறொன்று: வைரஸை எடுத்துவிட்டால் நோய் போகிறதா? ஹெபடைட்டிஸ் சி-யில் அதைப் பார்க்கலாம். கிரையோகுளோபுலினீமியா என்று ஒரு நோய். குளிரில் உறையும் ஆன்டிபாடிகள் ரத்தத்தில் சேர்ந்து சின்ன ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். காலில் ஊதா நிறப் புள்ளிகள், மரத்துப்போதல், சிறுநீரகப் பாதிப்பு. அந்த நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு ஹெபடைட்டிஸ் சி இருக்கும். இப்போது அந்த வைரஸைச் சில மாத மாத்திரையில் ஒழித்துவிடலாம். ஒழித்தால் பலருக்குப் புள்ளியும் மறைகிறது. ஆனால் சிலருக்கு, வைரஸ் முழுக்கப் போன பிறகும், தவறாகப் பழகிய பி செல்கள் விடாமல் அதே ஆன்டிபாடியைத் தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. வைரஸுக்கு மருந்து கொடுத்தால் போதாதா என்ற நித்திலாவின் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது.

குட்டிமாவின் அப்பா:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை. கண்டுபிடிப்பதற்குச் சில நாள் முன் ஒரு வைரஸ் காய்ச்சல் வந்தது, பள்ளியில் பலருக்கும் இருந்தது. "அன்றைக்கு அனுப்பாமல் இருந்திருந்தால்" என்று என் மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தக் காய்ச்சல்தான் காரணமா?

இரவுப்பணி:
இல்லை சார். தயவுசெய்து அவர்களிடம் சொல்லுங்கள். டைப் 1-ல் கணையத்துக்கு எதிரான ஆன்டிபாடிகள் சர்க்கரை ஏறுவதற்கு மாதங்களுக்கு முன்பே, பெரும்பாலும் வருடங்களுக்கு முன்பே ரத்தத்தில் வந்துவிடும். அந்தக் காலம் முழுக்க இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும், மீதியிருப்பவை சமாளிக்கும். காய்ச்சல் வந்தால் உடம்புக்கு அதிக இன்சுலின் தேவைப்படும், அந்தச் சமாளிப்பு அப்போது முறிந்துபோகும். அந்தக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் இன்னும் சில வாரமோ மாதமோ கழித்துத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆய்வகத்து ஆந்தை:
டாக்டர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டைப் 1-ல் வைரஸுக்குப் பங்கு இருக்கலாம், ஆனால் சந்தேகிக்கப்படுவது மிக முந்தைய தொற்று. காக்ஸாக்கி பி உள்ளிட்ட, குடலில் பெருகும் என்டரோவைரஸ்கள் மீதுதான் சந்தேகம். 1979-ல், சர்க்கரை முற்றி இறந்த ஒரு சிறுவனின் கணையத்திலிருந்து காக்ஸாக்கி பி4 வைரஸைப் பிரித்தெடுத்து எலிக்குச் செலுத்தினார்கள், எலிக்கும் சர்க்கரை வந்தது. அப்போது பெரிய செய்தி, பிறகு பல வருடம் குழப்பம். டெடி என்ற பன்னாட்டு ஆய்வு, பிறந்ததிலிருந்து குழந்தைகளின் மல மாதிரிகளை வரிசையாகச் சேகரித்துப் பார்த்து 2019-ல் ஒன்றைச் சொன்னது. எத்தனை முறை தொற்று வந்தது என்பது முக்கியமாகத் தெரியவில்லை. ஒரே என்டரோவைரஸ் பி நீண்ட நாள் விலகாமல் தங்கிய குழந்தைகளிடம்தான் கணையத்துக்கு எதிரான ஆன்டிபாடி கூடுதலாக வந்தது.

நார்வேயில் இதை வைத்தே ஒரு சோதனை செய்தார்கள். டைப் 1 புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 96 பிள்ளைகள். ஒரு பாதிக்குப் பிளகோனாரில், ரிபாவிரின் என்ற இரண்டு வைரஸ் மருந்து ஆறு மாதம், மறுபாதிக்கு வெற்று மருந்து. 2023-ல் முடிவு வந்தது. ஒரு வருட முடிவில் மருந்து சாப்பிட்டவர்களிடம் சொந்த இன்சுலின் சுரப்பு கொஞ்சம் அதிகமாக மிஞ்சியிருந்தது. குணமாகவில்லை. இன்சுலின் ஊசி நிற்கவில்லை. இருந்தாலும் மருந்துக்கு ஏதோ ஒரு பலன் இருந்தது.

ஏன்_எதற்கு:
இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதை யாரும் சொல்லவில்லை. தானாகவே சர்க்கரை வரும்படி வளர்க்கப்பட்ட என்.ஓ.டி. எலிகளுக்கு எல்.சி.எம்.வி. என்ற வைரஸைக் கொடுத்தால் சர்க்கரை வராமல் போகிறது. 1988-ல் இதைக் காட்டியவர் அதே ஓல்ட்ஸ்டோன்தான்! ஆக வைரஸ் கெடுக்கவும் செய்யும், காக்கவும் செய்யும்.

ஆய்வகத்து ஆந்தை:
ஆமாம். எந்த வயதில், எந்த அளவில் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறுகிறது.

மூட்டுப்பூட்டு:
யாரும் கேட்காததால் நான் கேட்டுவிடுகிறேன். வைரஸ் கிளப்பிவிடும் என்றால் தடுப்பூசியும் கிளப்பிவிடாதா? எங்கள் குடும்பக் குழுவில் இதை வைத்து ஒரு போரே நடக்கிறது.

நெறியாளர்:
கேள்வி சரி. பதில்கள் ஆதாரத்தோடு மட்டும் இருக்கட்டும், திசை மாறினால் இழை பூட்டப்படும்.

இரவுப்பணி:
ஒரு உண்மையான உதாரணம் இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. 2009-10 பன்றிக் காய்ச்சலின்போது ஐரோப்பாவில் போட்ட பாண்டெம்ரிக்ஸ் என்ற தடுப்பூசிக்குப் பிறகு, ஃபின்லாந்திலும் ஸ்வீடனிலும் பிள்ளைகளிடம் நார்கோலெப்ஸி கூடியது. பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய். மூளையில் விழிப்பைக் காக்கும் ஹைப்போக்ரெட்டின் சுரக்கும் செல்கள் அழிவதால் வருகிறது. பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரிடமும் ஒரு குறிப்பிட்ட ஹெச்.எல்.ஏ. வகை இருந்தது. அதே சமயம், தடுப்பூசி பெரிதாகப் போடாத சீனாவிலும் அந்தப் பன்றிக் காய்ச்சல் அலைக்குப் பிறகு நார்கோலெப்ஸி கூடியது.

மறுபக்கம், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி எம்.எஸ்.ஸைத் தருகிறது என்று பெரிய பயம் இருந்தது. 2001-ல் சோதித்துப் பார்த்து, தொடர்பில்லை என்று சொன்ன குழுவின் தலைவர் ஆல்பர்ட்டோ அஷெரியோ. ஆந்தை சொன்ன ராணுவ ஆய்வும் அவருடையதுதான். இன்னொன்று, கர்ப்பத்தில் ருபெல்லா தாக்கிப் பிறந்த குழந்தைகளுக்குப் பின்னாளில் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். ருபெல்லா தடுப்பூசி பரவலான நாடுகளில் அப்படிப் பிறக்கும் குழந்தைகளே அரிதாகிவிட்டார்கள். குடும்பக் குழுவில் இரண்டையும் சேர்த்தே போடுங்கள் அண்ணா, ஒன்றை மட்டும் போட்டால் போர் நிற்காது.

நித்திலா:
எல்லோருக்கும் நன்றி. தங்கையோடு உட்கார்ந்து படித்தேன். அவள் கேட்பது ஒன்றே ஒன்று. எப்ஸ்டீன்-பாரை ஒழிக்கும் மருந்து ஏதாவது வருமா?

ஆய்வகத்து ஆந்தை:
இப்போதைக்கு இல்லை. அசைக்ளோவிர் போன்ற மருந்துகள் வைரஸ் பெருகும்போது மட்டும்தான் வேலை செய்யும். இது பி செல்லுக்குள் ஓசைப்படாமல் வாழ்நாள் முழுக்கத் தங்குகிறது. அந்த பி செல்களைத் தேடிக் கொல்லப் பழக்கிய டி செல்களை (எதிர்ப்புச் சக்தியின் இன்னொரு வகைச் செல்கள்) எம்.எஸ். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் பெரிய எதிர்பார்ப்பு, 2023 நவம்பரில் வந்த முடிவில் வெற்று மருந்தைவிட மேலாக இல்லை. ஆனால் ஒக்ரலிசுமாப் போல பி செல்களைக் குறைக்கும் மருந்துகள் எம்.எஸ்.ஸில் நன்றாகவே வேலை செய்கின்றன. வைரஸ் ஒளிந்திருக்கும் வீடே இடிக்கப்படுவதால்தான் என்று சிலர் வாதிடுகிறார்கள். பி செல்லுக்கே இந்த நோயில் வேறு வேலைகள் உண்டு என்பதால் நான் அதை அப்படியே ஏற்க மாட்டேன்.

இரவுப்பணி:
நித்திலா, நடைமுறையில் ஒன்று: எப்ஸ்டீன்-பார் ரத்தப் பரிசோதனைக்கு இப்போது செலவு செய்ய வேண்டாம். இருக்கிறது என்றுதான் வரும், அதனால் சிகிச்சை மாறாது. எம்.எஸ். மருந்தைத் தாமதிக்காமல் தொடங்குவதுதான் முக்கியம். எந்த மருந்து என்பதை அவளுடைய மருத்துவர் எம்.ஆர்.ஐ.யைப் பார்த்து முடிவு செய்யட்டும். பி செல் மருந்து என்றால் தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி சோதனை செய்வார்கள், போட வேண்டிய தடுப்பூசிகளையும் முன்பே போட்டுவிடுவார்கள். அதை மட்டும் நினைவுபடுத்திக் கேளுங்கள்.

குட்டிமாவின் அப்பா, வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் கணைய ஆன்டிபாடி சோதனை பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஆரம்ப நிலையில் கண்டால் சர்க்கரை வருவதைச் சராசரியாக இரண்டு வருடம் தள்ளிப்போடும் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு 2022-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் கிடைக்காது.

ஏன்_எதற்கு:
எனக்கு ஒரே ஒரு சோதனைதான் திருப்தி தரும். எப்ஸ்டீன்-பாருக்குத் தடுப்பூசி போட்டு, எம்.எஸ். குறைகிறதா என்று பார்க்க வேண்டும். 2007-ல் ஒரு தடுப்பூசி சோதனையில் மோனோ காய்ச்சல் 78% குறைந்தது, ஆனால் தொற்று குறையவில்லை. இப்போது புதிய தடுப்பூசிகள் சோதனையில் இருக்கின்றன. பதின்ம வயதில் போட வேண்டும், எம்.எஸ். வரும் வயதோ இருபதுகளிலிருந்து நாற்பதுகள் வரை. ஆக விடை வர இருபது வருடமாவது ஆகும்.

ஆய்வகத்து ஆந்தை:
தொற்றைத் தடுக்காமல் காய்ச்சலை மட்டும் தடுத்தாலே எம்.எஸ். குறையக்கூடும் என்பது என் எண்ணம். மோனோவாகக் கடுமையாக வந்தவர்களுக்குத்தான் எம்.எஸ். வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பார்ப்போம்.

செதில்:
தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும். தொண்டைப் புண் வந்து சில வாரத்தில் உடம்பெல்லாம் சின்னச் சின்னதாக சொரியாசிஸ் வந்தது. இதுவும் வைரஸ் வேலையா?

இரவுப்பணி:
துளித்துளியாக வந்திருந்தால் அது பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், அதாவது பாக்டீரியா. தொண்டைப் புண் எப்போது வந்தது, மருந்து எடுத்தீர்களா என்று எழுதி புது இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.